மூணு லட்ச ரூபாய் காது

நாமக்கல் வட்டாரத்தில் ரெகார்டிங் ஸ்டுடியோ வைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. முட்டை அட்டை சல்லிசாகக் கிடைக்கும். தெரிந்த கோழிப்பண்ணைக்காரர் இருந்தால் சும்மாவே கொடுத்துவிடுவார். மாடியில் பத்துக்குப் பத்து அறை, நாலு சுவரிலும் முட்டை அட்டை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். தேர்தல் பாட்டு, கும்பாபிஷேகப் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன.

முட்டை அட்டை வெளிச்சத்தத்தைத் தடுக்காது என்பதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அறைக்குள் எழும் எதிரொலியில் கீச்சுப் பகுதியை அது கொஞ்சம் கலைக்கும், அவ்வளவுதான். சத்தத்தை நிறுத்தக் கனம் வேண்டும். செங்கல், மணல், இரட்டைக் கதவு. அட்டைக்கு ஏது கனம்? குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைச் சுத்தியல். இந்தச் சமவெளியில் ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தறிக்காரர்கள் காதில் அது விழுவதே இல்லை. தறி நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்பார்கள்.

ஆனால் கண்டென்சர் மைக் காதில் எல்லாமே விழும்.

மைக்கில் முக்கியமாக இரண்டு ரகம். கல்யாண மேடையிலும் கட்சிக் கூட்டத்திலும் தட்டிப் பார்த்து 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்கிறோமே, அது டைனமிக். காந்தத்துக்குள் ஒரு கம்பிச் சுருள். முரட்டுப் பிள்ளை. கீழே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும். ஷூர் கம்பெனியின் எஸ்.எம்.58 என்ற மாடல் 1966-ல் வந்தது. இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே முகத்தோடு உலகம் பூராவும் மேடை ஏறுகிறது. வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினால் கேட்கும். தூரத்துச் சத்தத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

கண்டென்சர் வேறு பிறவி. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள பிளாஸ்டிக் சவ்வு. அதன் மேல் தங்கப் பூச்சு. பின்னால் மயிரிழை இடைவெளி விட்டு ஒரு உலோகத் தகடு. இரண்டுக்கும் நடுவே மின்னூட்டம். குரல் பட்டதும் சவ்வு அசைகிறது, இடைவெளி மாறுகிறது, மின்சாரம் ஏறி இறங்குகிறது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த வென்ட் என்பவர் 1916-ல் கண்டுபிடித்தது. 1928-ல் பெர்லினில் ஜார்ஜ் நியூமன் இதை வரிசையாகத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். (ஜெர்மன்காரர்கள் 'நாய்மன்' என்பார்கள். நம் ஸ்டுடியோக்களில் நியூமன்தான், அப்படியே இருக்கட்டும்.) சவ்வு அத்தனை லேசு என்பதால் உதடு பிரியும் சத்தம், மூச்சு, புடவை உரசல், அடுத்த வீட்டு குக்கருக்கு எத்தனை விசில் என்பது வரைக்கும் சொல்லிவிடும்.

இந்த ஜாதிக் குதிரைகளில் மூன்று நான்கைத்தான் உலகம் இன்றும் கும்பிடுகிறது. நியூமன் யு47, 1949. வியன்னாவின் ஏ.கே.ஜி. சி12, 1953. மறுபடி நியூமனின் யு67, 1960. வால்வைக் கழற்றிவிட்டு டிரான்சிஸ்டர் வைத்த யு87, 1967. கடைசியாகச் சொன்னதன் இன்றைய வடிவம் புதிதாக வாங்கினால் மூணு லட்ச ரூபாய் சுமாருக்கு வரும். பழைய யு47 கிடைத்தால், அதற்கு ஒரு நல்ல கார் வாங்கும் பணம் கேட்பார்கள். அதன் உள்ளே இருக்கும் வி.எஃப்.14 வால்வை டெலிஃபங்கன் கம்பெனி நிறுத்தி அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. ஆரம்பகால யு47-களின் சவ்வு பி.வி.சி.யால் ஆனது. அது காய்ந்து விறைக்கும். ஆக, 1949-ல் கேட்ட மாதிரி அதே மைக் இன்று கேட்பதில்லை. அதற்கும் வயதாகி இருக்கிறது. விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

இவற்றை ஒப்பிடுவது ஒரு தனி வேதாந்தம். யு47-ல் குரலுக்கு உடம்பு கூடும். சி12-ல் மேல் ஸ்தாயி பட்டுப்போல் மினுங்கும். யு87 வார்த்தைகளை முன்னால் இழுத்து வைக்கும். இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒப்பிடும்போது இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். இரண்டில் ஒன்று துளி சத்தமாகக் கேட்டாலும் காது அதற்கே மாலை போட்டுவிடும். தவிர, மைக்கை நாலு அங்குலம் நகர்த்தினால் வரும் வித்தியாசம் பல சமயம் மாடலை மாற்றினால் வரும் வித்தியாசத்தைவிடப் பெரிது. இதைச் சரிக்கட்டிவிட்டு, விலையையும் பெயரையும் மறைத்துக் கேட்கச் சொன்னால் பல பண்டிதர்கள் திணறிப் போவார்கள்.

சரி, மூணு லட்சம் கொடுத்து எதை வாங்குகிறோம்? உண்மையையா?

கிடையாது. இதை நான் சொல்லவில்லை, கம்பெனிக்காரர்களின் கையேடே சொல்கிறது. மைக் தானாகவே போடும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலுக்கு ஒரு எண் உண்டு. யு87-க்கு 12 டெசிபல். ஆஸ்திரேலியாவின் ரோட் கம்பெனி செய்யும் என்.டி.1-ஏ என்ற மைக்குக்கு 5 டெசிபல். விலை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுத்தம் என்று பார்த்தால் ஏழைதான் ஜெயிக்கிறான். உள்ளது உள்ளபடி, கூட்டாமல் குறைக்காமல் கேட்கும் மைக் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. தொழிற்சாலைச் சத்தத்தை அளக்க டென்மார்க்கில் புரூயல் அண்ட் கேர் கம்பெனி செய்யும் அளவை மைக்குகள். கோடு கிழித்தாற்போல் சமனாகக் கேட்கும். அதன் முன்னால் சினிமாப் பாடகரைக் கொண்டுபோய் நிறுத்தினால் பெரும்பாலும் முகம் சுளிப்பார். 'என்ன சார், குரல் உயிரே இல்லாம இருக்கு?'

ஆக, நாம் பணம் கொடுப்பது உண்மைக்கல்ல. நமக்குப் பிடித்த மாதிரி கொஞ்சம் மாற்றிச் சொல்கிற ஒன்றுக்கு. கல்யாண போட்டோவில் விளக்கை எந்தப் பக்கம் வைப்பது என்று போட்டோகிராபருக்குத் தெரியுமே, அது மாதிரி. இதில் தப்பு இருக்கிறதா?

இந்தக் கேள்வியை சேலத்துக்காரர்கள் யாரைவிடவும் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். ஏற்காடு ரோட்டில் ஒரு முகப்பு வளைவு மட்டும் மிச்சமாக நிற்கிறதே, மாடர்ன் தியேட்டர்ஸ். திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்து போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து 1935-ல் சினிமா கம்பெனி ஆரம்பித்த இடம். நூறு படத்துக்கு மேல் எடுத்தார்கள். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938-ல் இவர்கள் எடுத்ததுதான். தமிழின் முதல் முழுநீள கலர் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956, அதுவும் இவர்களுடையதே.

ஆரம்ப கால டாக்கிகளில் நடிகர் காமிரா முன்னாலேயே பாட வேண்டும். மைக்கைத் தலைக்கு மேலோ செடி மறைவிலோ வைத்திருப்பார்கள். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் காமிரா கண்ணில் படாமல் ஒதுங்கி நின்று வாசிப்பார்கள். மரத்தில் காக்கா கத்தினால் மறுபடி முதலிலிருந்து. பிறகு பின்னணிப் பாட்டு வந்தது. வாய் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. உலகத்திலேயே பெரிய ஏமாற்று. ஜனங்கள் சந்தோஷமாக ஏமாந்தார்கள்.

1950-ல் வந்த மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி'யில் அந்த மலை உச்சிப் பாட்டை நினைத்துப் பாருங்கள். ஜி.ராமநாதன் இசை, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. படத்தில் கணவன் மனைவியை அழைத்துக்கொண்டு மலையேறுவது அவளைத் தள்ளிவிட்டுக் கொல்ல. குரலில் தேன். மனசில் விஷம். திரையில் இருப்பது எஸ்.ஏ.நடராஜன், குரல் லோகநாதனுடையது. லோகநாதன் பாவம் யாரையும் கொல்லப் போகவில்லை, நன்றாகப் பாடினார். அந்தத் தேனைப் பதிந்த மைக் பொய் சொன்னதா? இல்லை. மைக்குக்குக் குரல் கேட்கும், ஆள் கேட்காது. நல்லவன் பாடினாலும் கெட்டவன் பாடினாலும் ஒரே மரியாதைதான்.

இந்தப் பாரபட்சமின்மையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. மைக் அழகுபடுத்துவதைவிட, அது கெடுத்துவிட்டுப் பழியைப் பாடினவர் தலையில் போடுவதுதான் பெரிய அநியாயம். 1925 வரைக்கும் இசைத்தட்டுப் பதிவில் மைக்கே கிடையாது. புனல் மாதிரி குழாய்க்குள் கத்திப் பாட வேண்டும். கீழ் ஸ்தாயியும் உச்சத்து மினுமினுப்பும் அதில் ஏறாது. அந்தத் தட்டுகளைக் கேட்டுவிட்டு 'அந்தக் காலத்து ஆளுங்களுக்கெல்லாம் மூக்கால பாடறதுதான் பழக்கம்போல' என்கிறோம். நாடக மேடையிலும் அப்போது மைக் இல்லை. கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாளின் தொண்டை, கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்க வேண்டும் என்று பழக்கப்பட்ட தொண்டை. கிசுகிசுத்துப் பாடுவது என்ற சமாசாரமே மைக் வந்த பிறகு முளைத்ததுதான். குறை கருவியுடையது. பெயர் கெட்டது குரலுக்கு.

இது பழங்கதை இல்லை. இன்றைக்கும் நல்ல மைக் யாருக்குக் கிடைக்கிறது? ஏற்கெனவே பேர் வாங்கினவருக்கு. சேலம், நாமக்கல் பக்கத்தில் விடிய விடியக் கூத்தாடுகிறவருக்கும், நடவுப் பாட்டுக்காரிக்கும், ஒப்பாரி பாடுகிற கிழவிக்கும் கிடைப்பது யாரோ ஒருத்தர் நீட்டுகிற செல்போன். (அதற்குள்ளும் கண்டென்சர்தான் இருக்கிறது, கடுகளவு.) ஐம்பது வருஷம் கழித்துக் கேட்பவன் என்ன நினைப்பான்? 'சினிமாப் பாட்டுக்காரர் குரல் எவ்வளவு கம்பீரம், இவங்க குரல் பாவம், தகரம்' என்றுதான் நினைப்பான்.

ராசிபுரம் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கும் இதே கவலை. எண்பதைத் தொடப்போகிற ஒரு ஆயாவின் ஒப்பாரியைப் பதிய வேண்டும் என்று சென்னையிலிருந்து யு87 ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து வந்துவிட்டார். என்னையும் வரச் சொன்னார். போனால், ஸ்டுடியோவில் பாட முடியாது. கீழ் வீட்டில் நண்பரின் அம்மா பிடிவாதமாக நின்றுவிட்டார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது. ஆயாவும் அதே கட்சி. 'அது ஆவாதுங்க சாமி. ஊட்டுக்கு ஆவாது.'

கடைசியில் காட்டுக்குப் போனோம். கிணற்று மோட்டார் கொட்டாய். மோட்டாரை நிறுத்திவிட்டு யு87-ஐத் தொங்கவிட்டோம். பக்கத்திலேயே நண்பரின் சொந்த மைக், இருபதாயிரத்துக்குள். ஆயாவின் பேரன் தன் செல்போனையும் வைத்தான். ஆயா பாட ஆரம்பித்தார். தன் புருஷன் செத்த அன்றைக்குப் பாடியது. அடுத்த இருபது நிமிஷம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

போட்டுக் கேட்டோம். யு87-ல் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பல் போன இடத்தில் காற்று சீறுவது, தொண்டை அடைப்பது, பின்னால் எங்கோ மாட்டு மணி, எல்லாம் இருந்தது. நண்பரின் மைக்கில் இரைச்சல் இன்னும் குறைச்சல், ஆனால் 'ச'காரங்கள் ஊசியாகக் குத்தின. செல்போனில் ஆயா எங்கோ தூரத்தில் இருந்தார். ஆயாவிடம் யு87-ஐக் கேட்கக் கொடுத்தோம். ஹெட்போனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டவர் சொன்னார்:

'இது எங்கக்கா குரலாட்ட இருக்குது கண்ணு. அவ செத்து ஏழு வருசமாச்சு.'

இதில் அதிசயம் இல்லை. நம் குரலை நாம் காற்று வழியாக மட்டும் கேட்பதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறோம். அதில் அடிக்கட்டை கூடும். மைக்குக்கு அந்த வழி கிடையாது. அதனால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் எந்த மைக்கும் உங்கள் குரலை உங்களுக்குக் காட்டாது. மற்றவர்கள் கேட்கும் உங்களைத்தான் காட்டும்.

சண்டை மறுவாரம் வந்தது. நண்பர் பதிவைத் 'துடைத்து' வைத்திருந்தார். மூச்சுச் சத்தத்தை வெட்டி, ஆட்டோ டியூனில் ஸ்ருதியைக் கீபோர்டுக்குச் சேர்த்து. (ஆட்டோ டியூன் 1997-ல் வந்தது. கண்டுபிடித்தவர் அதற்கு முன் பூமிக்கடியில் எண்ணெய் தேடும் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தவர். திருச்செங்கோட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும்.) இது பொய் என்றேன். அவர் விடவில்லை.

'சார், மூணு லட்ச ரூபா மைக் ட்ரெபிளைத் தூக்கிக் கொடுத்தா அது கேரக்டர். நான் ஸ்ருதியைத் தூக்கினா பொய்யா? ரெண்டும் உள்ளதை மாத்தறதுதானே?'

நியாயமான கேள்வி. நாலு நாள் யோசித்தேன். எனக்குக் கிடைத்த வித்தியாசம் இது. யு87 யார் வந்து நின்றாலும் அதே அளவு ட்ரெபிளைத்தான் தூக்கும். ஆயாவுக்கு ஒன்று, ஜமீந்தாருக்கு ஒன்று என்று அதற்குக் கிடையாது. 'நீ இங்கே தப்புப் பண்ணிட்டே' என்று அது யாரையும் பார்த்துச் சொல்வதில்லை. ஆட்டோ டியூன் சொல்கிறது. சினிமாப் பாட்டில் சொல்லட்டும். அங்கே பாடகருக்கும் சம்மதம், ஸ்ருதிப்பெட்டி சாட்சிக்கு இருக்கிறது. ஒப்பாரிக்கு எந்தப் பெட்டி சாட்சி? அழுகை இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில்தான் வழுக்கி இறங்கும். வழுக்கலை நிமிர்த்தி நிறுத்தினால் மிஞ்சுவது பாட்டு, துக்கம் இல்லை. மூச்சை வெட்டுவதும் அப்படியே. கணவனை இழந்தவள் நடுவில் மூச்சு வாங்காமல் பாடினாள் என்று எதிர்காலத்துக்குச் சாட்சி சொல்ல நாம் யார்?

நண்பர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. 'அப்ப மாட்டு மணி?' என்றார். மணி இருக்கட்டும் என்றேன். 'அடுத்த தடவை தறிச் சத்தம் விழுந்தா?' என்றார். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ராத்திரி பகலாகத் தறி ஓடுகிற ஊரில் பாடினவள் பதிவில் தறி இருப்பதுதான் நேர்மை என்று சொல்லலாம். ஆனால் அவள் தறியைக் கேட்கவே இல்லையே, அவள் காது எப்போதோ அதைக் கழித்துவிட்டதே. யார் காதை வைத்துப் பதிவது?

இதற்கு நடுவில் ஆயாவின் மகன் வந்தார். லாரி டிரைவர். குஜராத் லைன், அசாம் லைன் என்று இருபத்தைந்து வருஷம். மாசத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மூன்றையும் போட்டுக் காட்டினோம். எது எந்த மைக் என்று சொல்லவில்லை. யு87-க்கு, 'நல்லாருக்குதுங்க, சினிமாவாட்ட' என்றார். இரண்டாவதற்குத் தலையாட்டினார். செல்போன் பதிவு வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

'இதுதாங்க எங்கம்மா.'

நண்பர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இரண்டு நாள் வாடகை! ஆனால் யோசித்தால் மகன் சொன்னதுதான் சரி. இருபத்தைந்து வருஷமாக அவருக்கு அம்மா என்பது முதலில் எஸ்.டி.டி. பூத், பிறகு செல்போன். பழைய டெலிபோன் லைன் 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் குரலை விடும். பெண் குரலின் அடிநாதம் சுமார் 200. அது லைனில் ஏறுவதே இல்லை. மேலே இருக்கும் ஸ்வரங்களை வைத்து மூளை அந்த அடிநாதத்தைத் தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது. அம்மாவின் குரலில் பாதியை அவர் நெடுஞ்சாலைத் தாபாக்களில் நின்றுகொண்டு தானே செய்திருக்கிறார். எந்த நியூமனும் அதைப் பதிய முடியாது.

மூன்றையும் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஆயாவிடம் சொன்னோம். அவருக்குச் சம்மதமில்லை. 'கேட்டாச்சில்ல, அழிச்சிருங்க. ஊட்டுல ஒப்பாரி இருக்கக் கூடாது' என்றார். நண்பர் கெஞ்சினார். இது கம்ப்யூட்டருக்குள் இருக்கும், சத்தம் வராது ஆயா என்றார். 'சத்தம் வல்லீன்னா இல்லீன்னு ஆயிருமா?' என்று கேட்டார் ஆயா. அரைமணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். வெச்சுக்க, ஆனா ஊட்டுக்குள்ள வெக்காத.

யு87 மறுநாள் ராத்திரி பஸ்ஸிலேயே சென்னைக்குத் திரும்பிவிட்டது. ஹார்ட் டிஸ்க் இப்போது அந்த மோட்டார் கொட்டாயில், விதை வைக்கும் தகர டிரம்முக்குள் இருக்கிறது. ஈரம் ஏறாமலிருக்க, மைக் பெட்டியில் போடுகிற சிலிகா ஜெல் பொட்டலம் ரெண்டும் கூட வைத்திருக்கிறார்.